‘கெட்’ என்ற சொல்லைப் பழகுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் பலருக்கு ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’, ‘அரைவ்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ எல்லாம் தயங்காமல் வந்துவிடும். இந்த ஐந்து சொற்களும் செய்கிற வேலையைத் தனியாகவே செய்துவிடுகிற ‘கெட்’ மட்டும் வாயில் வராது. பள்ளியில் ‘கெட் என்றால் பெறு’ என்று படித்ததோடு சரி. பிறகு யாராவது “இட்ஸ் கெட்டிங் டார்க்” என்றால், இங்கே யார் எதைப் பெறுகிறார்கள் என்று குழப்பம் வருகிறது.

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால் போதும்: கெட்டுக்கு அடுத்து என்ன வருகிறது? பொருளின் பெயரா, இடமா, ஒரு நிலையைச் சொல்லும் சொல்லா, இன்னொரு வினைச்சொல்லா? அதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் பொருள் தானாக விளங்கிவிடும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது, எனக்குப் புரிந்தது, எனக்குக் கோபம் வந்தது, எனக்குச் சளி பிடித்தது என்று ‘எனக்கு’வில் தொடங்கும் வாக்கியங்களை நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். அவற்றில் நிறைய வாக்கியங்கள் ஆங்கிலத்தில் “ஐ காட்” என்றே மாறும். நாம் ஏதும் செய்யாமல் நமக்கு நேர்வதைச் சொல்லத் தமிழ் ‘எனக்கு’ என்று தொடங்குகிறது. அதே இடத்தில் ஆங்கிலம் ‘ஐ’ என்று தொடங்கிவிட்டு, நேர்ந்த விஷயத்தை கெட்டிடம் ஒப்படைக்கிறது.

தொடங்கும் முன்: ஒலியும் வடிவமும்

கெட் என்பதன் முதல் ஒலி ‘கண்’, ‘கல்’ ஆகிய சொற்களில் வரும் ஒலி அல்ல. ‘கணேஷ்’, ‘கோவிந்தன்’ என்ற பெயர்களின் முதல் ஒலி. “புது கெட்டப்பில் நடிக்கிறார்” என்று சினிமாச் செய்தியில் சொல்கிறோமே, அதில் இருப்பதும் இதே கெட்தான்.

இறந்தகாலம் ‘காட்’. மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. (துணிக்கடைக் காட்டனின் முதல் ஒலி வேறு, இங்கேயும் கணேஷின் ஒலியே வேண்டும்.) அமெரிக்கர்கள் “காட் இட்” என்பதைச் சேர்த்து “காடிட்” என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். படங்களில் அது காதில் விழாமல் போவதற்கு அதுதான் காரணம்.

காட்டன் என்ற வடிவத்தை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1611-இல் இங்கிலாந்தில் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்திலேயே, காயீனைப் பெற்ற ஏவாள் “ஐ ஹேவ் காட்டன் எ மேன்” என்கிறாள். பின்னால் பிரிட்டன் அதைக் கைவிட்டது, அமெரிக்கா வைத்துக்கொண்டது. பிரிட்டனிலும் ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் அந்த வால் அப்படியே இருக்கிறது. ‘ஃபர்கெட்’ கெட்டின் உறவுக்காரச் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் இந்த வேர் இப்படி முன்னொட்டோடு சேர்ந்தே புழங்கியது. தனிச் சொல்லாக ‘கெட்’ வந்தது, இங்கிலாந்தில் குடியேறிய வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து. ‘டேக்’, ‘தே’, ‘ஸ்கை’, ‘எக்’ ஆகியவையும் அவர்கள் விட்டுச்சென்றவையே. அன்றாட வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்த சொற்கள் இவை. கெட் இன்றும் பேச்சு மொழியில்தான் அதிகம் வாழ்கிறது.

படி 1: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால்

இதுதான் பள்ளியில் படித்த இடம். “ஐ காட் எ ஜாப்” என்றால் வேலை கிடைத்தது. “ஐ காட் எ கோல்டு” என்றால் சளி பிடித்தது. “வேர் டிட் யூ கெட் தட் ஷர்ட்?” என்றால் அந்தச் சட்டையை எங்கே வாங்கினாய்? தானாக வந்ததா, முயன்று பெற்றதா, காசு கொடுத்து வாங்கியதா என்ற பேதத்தை கெட் காட்டாது. சூழல் காட்டும்.

இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்தால், ஒருவருக்காகப் போய் எடுத்துவருவது. “கெட் மீ சம் வாட்டர்” என்றால் எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவா. இதில் ‘டு மீ’ என்று சேர்க்கக் கூடாது.

வாசல் மணி அடிக்கும்போதோ போன் அடிக்கும்போதோ “ஐல் கெட் இட்” என்று ஒருவர் சொன்னால், “நான் போய்ப் பார்க்கிறேன்”, “நான் எடுக்கிறேன்” என்று பொருள். ஆங்கிலம் பேசும் வீட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு இது விளங்காது. அதேபோல, கடையில் கூட வந்தவர் “ஐல் கெட் திஸ்” என்றால், காசை நான் கொடுக்கிறேன் என்கிறார்.

புரிதலும் இந்த வகையில் அடங்கும். “ஐ டோன்ட் கெட் இட்” என்றால் எனக்குப் புரியவில்லை. “டிட் யூ கெட் த ஜோக்?” என்றால் அந்த ஜோக் புரிந்ததா? ஒரு மனிதரைச் சொல்லி “ஐ டோன்ட் கெட் ஹிம்” என்றால் அவருடைய போக்கே பிடிபடவில்லை.

இங்கே நம் ஊர் ஆங்கிலத்தில் ஒரு பழக்கம் உண்டு: “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ.” இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போது கொஞ்சம் விநோதமாகக் கேட்கும். புரிதலைச் சொல்லும்போது கெட் வழக்கமாக ‘இங்’ சேர்த்து வருவதில்லை. புரியவில்லை என்றால் “ஸாரி, ஐ டோன்ட் கெட் இட்” அல்லது “ஐ டிடின்ட் கெட் தட்”. குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் “ஐ கான்ட் ஹியர் யூ” என்று நேராகச் சொல்லிவிடலாம்.

படி 2: அடுத்து ஓர் இடம் வந்தால்

போய்ச் சேர்வது, வந்து சேர்வது. “வாட் டைம் டிட் யூ கெட் டு த ஆஃபீஸ்?” என்றால் ஆபீசுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாய்? இடத்தின் பெயருக்கு முன்னால் ‘டு’ வரும். ஆனால் ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகிய மூன்றுக்கும் வராது. “ஐ காட் ஹோம் லேட்” என்பதே சரி. தமிழில் ‘வீட்டுக்கு’ என்று நான்காம் வேற்றுமை ஒட்டியிருப்பதால் ‘டு ஹோம்’ என்று சொல்லத் தோன்றும். அதைத் தவிருங்கள்.

நாம் எல்லோரும் “ரீச் ஆயிட்டேன்” என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் “ஐ ரீச்ட்” என்று நிறுத்திவிடுகிறோம். பொது ஆங்கிலத்தில் ரீச்சுக்குப் பின்னால் இடத்தின் பெயர் வந்தே ஆக வேண்டும். பெயர் சொல்லாமல் முடிக்க வேண்டுமானால் “ஐம் ஹியர்” அல்லது “ஐ காட் ஹியர் சேஃப்லி” போதும்.

வண்டிகளில் ஏறி இறங்குவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், டாக்சி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ஏறியபின் நிமிர்ந்து நடக்க இடமிருக்கிற வண்டிக்கு ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்காருகிற வண்டிக்கு ‘இன்’ என்று நினைவில் வைக்கலாம். சைக்கிளும் குதிரையும் ‘ஆன்’ கணக்கில் சேரும், மேலே உட்காருவதால்.

“ஐ வில் கெட் டவுன் அட் சென்ட்ரல்” என்பது ‘இறங்கு’ என்ற தமிழ்ச் சொல்லின் நேர் நிழல். சென்னை பஸ்ஸில் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். லண்டனில் ‘கெட் ஆஃப்’ என்று சொல்லுங்கள். மரத்திலிருந்தும் ஏணியிலிருந்தும் இறங்கினால் மட்டும் ‘கெட் டவுன்’ பொருந்தும். யாராவது சட்டென்று “கெட் டவுன்!” என்று கத்தினால் குனிந்துகொள்ளச் சொல்கிறார்கள், உடனே குனியுங்கள்.

படி 3: அடுத்து ஒரு நிலை வந்தால்

கெட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். டார்க், கோல்டு, ஓல்டு, ஆங்க்ரி, டயர்ட், ரெடி, பெட்டர் போன்ற சொற்களுக்கு முன்னால் வந்தால் ‘ஆகு’ என்று பொருள். “இட்ஸ் கெட்டிங் டார்க்”: இருட்டிக்கொண்டு வருகிறது. “மை தாத்தா இஸ் கெட்டிங் பெட்டர்”: தாத்தாவுக்கு உடம்பு தேறி வருகிறது.

‘ஆம்’, ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவை இருக்கும் நிலையைச் சொல்லும். கெட் அந்த நிலைக்கு மாறுவதைச் சொல்லும். “ஐ வாஸ் ஆங்க்ரி” என்றால் கோபமாக இருந்தேன். “ஐ காட் ஆங்க்ரி” என்றால் எனக்குக் கோபம் வந்தது. “ஷி இஸ் மேரீட்” என்றால் அவருக்குத் திருமணமாகி இருக்கிறது. “ஷி காட் மேரீட் இன் மே” என்றால் மே மாதத்தில் திருமணம் நடந்தது. யாரோடு என்று சொல்லும்போது ‘டு’ போட வேண்டும், ‘வித்’ அல்ல. நாம் ‘அவருடன் திருமணம்’ என்று சொல்வதால் இந்த இடத்தில் நாக்கு தவறும்.

இரண்டு எச்சரிக்கைகள். ‘ஆகு’ என்ற பொருள் நிலையைச் சொல்லும் சொல்லோடு மட்டுமே வரும். “ஹி காட் எ டாக்டர்” என்றால் அவர் டாக்டர் ஆனார் என்று பொருளாகாது. அடுத்து வருவது பெயர் என்பதால் படி 1-க்குப் போய்விடுகிறது: டாக்டரைப் பிடித்து அழைத்துவந்தார். டாக்டர் ஆனதைச் சொல்ல ‘பிகேம்’ வேண்டும். அப்புறம், சில கெட்ட மாற்றங்களுக்கு ஆங்கிலம் ‘கோ’வைப் பயன்படுத்துகிறது. பால் கெட்டுப்போனால் ‘வென்ட் பேட்’, தலை வழுக்கையானால் ‘வென்ட் பால்டு’.

“ஐ ஆம் கெட்டிங் லேட்” என்ற வாக்கியத்தை அலுவலகங்களில் தினமும் கேட்கலாம். “எனக்கு நேரமாச்சு” என்று நினைத்து அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நேரமாவது பொழுதுக்கு, ஆளுக்கு அல்ல: “இட்ஸ் கெட்டிங் லேட்”. நாம் தாமதமாகிக்கொண்டிருக்கிறோம் என்றால் “ஐம் ரன்னிங் லேட்”.

படி 4: அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் வந்தால்

இது தமிழின் ‘படு’ விகுதிக்கு நெருங்கியது. “ஹி காட் அரெஸ்டட்”: கைது செய்யப்பட்டார். “மை ஃபோன் காட் ஸ்டோலன்”: என் போன் திருட்டுப்போய்விட்டது. ‘வாஸ்’ போட்டும் இதைச் சொல்லலாம். கெட் போட்டால் பேச்சு நடை வருகிறது. பெரும்பாலும் எதிர்பாராத, வேண்டாத ஒன்று நடந்துவிட்டது என்ற ஒலியும் சேர்கிறது. “ஷி காட் ப்ரமோட்டட்” என்று நல்ல செய்திக்கும் வரும். போலீஸ் புகார், காப்பீட்டுக் கடிதம், செய்தி அறிக்கை என்றால் ‘வாஸ்’ போடுவதே முறை.

படி 5: பிறரைக் கொண்டு செய்விப்பது

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

“நேற்று முடி வெட்டினேன்” என்று தமிழில் சொன்னால், சலூனுக்குப் போய் வெட்டிக்கொண்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். “இரண்டு சட்டை தைத்தேன்” என்றால் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது. யார் கை வேலை செய்தது என்பதைத் தமிழ் கேட்பவரின் பொது அறிவுக்கு விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அதை வாக்கியத்துக்குள்ளேயே சொல்ல விரும்புகிறது. “ஐ காட் மை ஹேர் கட்” என்றால் வேறொருவர் வெட்டினார். “ஐ கட் மை ஹேர்” என்றால், சிலர் சலூன் விஷயத்துக்கும் அப்படிச் சொன்னாலும், கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார் என்றுதான் முதலில் தோன்றும்.

வரிசை முக்கியம்: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். “ஐ காட் த பைக் சர்வீஸ்ட்.” “வி ஆர் கெட்டிங் த ஹவுஸ் பெயின்டட்.” “கெட் திஸ் ஜெராக்ஸ்ட்” என்று நம் ஊரில் சொல்வதும் இதே அமைப்பே. பொருளையும் வினையையும் இடம் மாற்றி “ஐ காட் கட் மை ஹேர்” என்றால் வாக்கியம் உடைந்துவிடும்.

வேலை செய்யும் ஆளைச் சொல்ல வேண்டுமானால் அமைப்பு மாறும்: கெட், ஆள், ‘டு’, வினை. “ஐ காட் ஹிம் டு சைன்”: அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். தமிழில் ‘வைத்தேன்’ என்ற ஒரே சொல் எல்லா வகைச் செய்வித்தலுக்கும் போதும். ஆங்கிலத்தில் சாயல்கள் பிரிகின்றன. ‘மேட் ஹிம் சைன்’ என்றால் கட்டாயப்படுத்தினேன். ‘ஹேட் ஹிம் சைன்’ என்றால் சொன்னேன், அவர் தன் வேலையாகச் செய்தார். ‘காட் ஹிம் டு சைன்’ என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தேன், கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது. மூன்றில் கெட் மட்டுமே ‘டு’ கேட்கிறது. “ஹவ் டு யூ கெட் யுவர் கிட்ஸ் டு ஈட் வெஜிடபிள்ஸ்?” என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்பதில் அந்த முயற்சி முழுசாகத் தெரிகிறது.

படி 6: ‘கெட் டு’வும் ‘ஹேவ் காட் டு’வும்

“ஐ காட் டு மீட் ஹெர்” என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மகிழ்ச்சி கலந்த சொல். “வி டிடின்ட் கெட் டு ஸீ த டெம்பிள்” என்றால் கோவிலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

“ஐவ் காட் டு கோ” என்றால் நான் போயாக வேண்டும். பேச்சில் இது “காட்டா கோ” என்று சுருங்கும். ‘ஹேவ்’ உதிர்ந்து “ஐ காட் டு கோ” என்று நின்றால், வாய்ப்பா கட்டாயமா என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேச்சை முடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர் சொன்னால் கட்டாயம். போன வருடத்துப் பயணத்தைப் பற்றிச் சொல்பவர் என்றால் வாய்ப்பு.

‘டு’ இல்லாமல் ‘ஹேவ் காட்’ மட்டும் வந்தால் ‘இருக்கிறது’ என்று பொருள். “ஹேவ் யூ காட் எ பென்?”: பேனா இருக்கிறதா? பார்க்க இறந்தகாலம் போல இருந்தாலும் பேசுவது இப்போதைய விஷயம். நேற்று இருந்தது என்று சொல்ல வெறும் ‘ஹேட்’ போதும். அமெரிக்கர்கள் இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு வைத்திருக்கிறார்கள். “ஐவ் காட் டிக்கெட்ஸ்” என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது. “ஐவ் காட்டன் டிக்கெட்ஸ்” என்றால் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

படி 7: ஒட்டுச் சொற்கள்

கெட்டோடு சிறு சொல் ஒன்று சேர்ந்தால் பொருள் புதிதாகும். நூற்றுக்கணக்கில் பட்டியல் கிடைக்கும். முதலில் தினமும் தேவைப்படுகிற சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேக் அப்’ கண் விழிப்பது, ‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழுவது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இருக்கலாம். ‘கெட் அலாங்’ ஒத்துப்போவது: “ஐ கெட் அலாங் வித் மை மாமியார்.” ‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் அவே வித்’ தப்பு செய்துவிட்டு மாட்டாமல் தப்பிப்பது. ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டுவது.

‘கெட் அரவுண்ட் டு’ எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் நேரம் கூடிவராமல் தள்ளிப்போன வேலையைச் சொல்வது. “ஐ ஹேவன்ட் காட் அரவுண்ட் டு இட்” என்றால் மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை, இன்னும் கைவைக்கவில்லை. அலுவலகத்தில் “ஐல் கெட் பேக் டு யூ” என்று கேட்டால், விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று பொருள். திரும்பி நேரில் வருவதாக அல்ல.

எங்கே எழுதக் கூடாது

பேச்சிலும், நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியிலும், சக ஊழியருக்கு எழுதும் சிறு மின்னஞ்சலிலும் கெட் தாராளமாக வரலாம். விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, சட்டக் கடிதம், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரைத் தாள் ஆகியவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘ரிசீவ்டு’, ‘பிகேம்’, ‘அரைவ்டு’ போன்றவையே பொருந்தும். ஆனால் அதே தேர்வின் பேச்சுப் பகுதியில் “ஐ அப்டெய்ன்ட் எ காபி” என்பது போலப் பேசினால் புத்தகத்தை வாசிப்பதுபோல இருக்கும்.

“கெட் அவுட்” கோபத்தில் சொன்னால் ‘வெளியே போ’. ஆனால் அமெரிக்கர் ஒருவர் சிரித்தபடி “கெட் அவுட்!” என்றால் ‘நிஜமாவா? நம்பவே முடியலை’ என்கிறார். “கெட் லாஸ்ட்” வசவு. “வி காட் லாஸ்ட்” என்றால் வழி தவறிவிட்டோம் என்பது மட்டுமே.

பயிற்சி

நாள் முடிவில் அன்று நீங்கள் பேசிய ‘எனக்கு’ வாக்கியங்களில் சிலவற்றை எழுதி, எவை கெட்டுக்கு மாறுகின்றன என்று பாருங்கள். எல்லாம் மாறாது. “எனக்குத் தெரியும்”, “எனக்குப் பிடிக்கும்” இரண்டும் மாறாது, ஏனென்றால் அங்கே புதிதாக எதுவும் நேரவில்லை. தொடங்கி வைக்க இந்த நான்கையும் முயன்று பாருங்கள். விடை கீழே இருக்கிறது, முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

அ) வீட்டுக்கு வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது.
ஆ) பஸ்ஸை விட்டு இறங்கினதும் நனைந்துவிட்டேன்.
இ) அப்பாவை ஒருவழியாக டாக்டரிடம் போகச் சம்மதிக்க வைத்தோம்.
ஈ) ஏசியை இன்னும் ரிப்பேர் பார்க்கவில்லை.

முதலாவது: “ஐ டிடின்ட் கெட் ஹோம் டில் இலெவன்.” ஹோமுக்கு முன்னால் ‘டு’ இல்லை. இரண்டாவது: “ஐ காட் வெட் அஸ் ஸூன் அஸ் ஐ காட் ஆஃப் த பஸ்.” ஒரே வாக்கியத்தில் இரண்டு காட், ஒன்று நிலை மாற்றம், மற்றது இறங்குதல். மூன்றாவது: “வி ஃபைனலி காட் அப்பா டு ஸீ எ டாக்டர்.” பேசிச் சம்மதிக்க வைத்ததால் ‘மேட்’ வேண்டாம். நான்காவது: “ஐ ஹேவன்ட் காட் த ஏசி ஃபிக்ஸ்ட் யெட்.” மெக்கானிக்கின் பெயர் எங்கும் வரவில்லை, ஆனாலும் பழுது பார்க்கப்போவது நீங்கள் இல்லை என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.